பஸ் நிற்காத முக்கு

வேப்பம்பாறை முக்கில் பஸ் நிற்பது நின்றுபோன அன்று காலை, நௌஃபல் முதல் சட்டி நேந்திரங்காய் வறுவலை எண்ணெயிலிருந்து அரித்தெடுத்துக்கொண்டிருந்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ் வந்தது. படியில் தொற்றிக்கொண்டு நின்ற கண்டக்டர் லிபின் கடையைப் பார்த்து, நான் என்ன செய்ய என்பதுபோல ஒரு கையை விரித்தான். பஸ் நிற்கவில்லை. காத்திருந்தவர்கள் கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் ஓடி, மூச்சு வாங்க நின்று, டிரைவரின் வம்சத்தையே விசாரித்தார்கள்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் யாரோ வந்து ஸ்டாப் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போய், கிழக்கே தென்னந்தோப்புகளைத் தாண்டி நட்டிருக்கிறார்கள். நடந்து போனால் சட்டை நனைகிற தூரம். அங்கே இருந்தது ஒரே ஒரு கட்டடம். நீலக் கண்ணாடி பதித்து, பூச்சு வேலை பாதியில் நிற்கிற மூன்று மாடிக் காம்ப்ளெக்ஸ். அதன் சொந்தக்காரர் சிவப்பிரகாஷ். எல்லையோர வியாபாரிகள் ஐக்கிய சமிதியின் தலைவரும் அவர்தான்.

"தலைவர் இருக்காரு, பாத்துக்குவாரு" என்றான் நௌஃபல்.

அவன் மனைவி ஹஸீபா ரோட்டைப் பார்த்தாள். கணவன் வறுப்பான், அவள் கல்லாவில் இருந்து விற்பாள். அந்த ஏற்பாட்டில் அடுப்பின் பக்கம் நிற்கிறவனுக்கு ரோடு சரியாகத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ரோட்டில் இப்போது நிழல் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

முக்கு என்றால் எல்லையின் மலையாளப் பக்கத்தில் ஒரு ஆலமரம், எதிரே சர்க்கார் ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் வரிசையாகச் சின்னக் கடைகள். ஹஸீபாவின் சிப்ஸ் கடை, காளிச்சாமியின் காய்கறிக் கடை, ஒரு தையல்காரர், செல்போன் ரீசார்ஜ் போடுகிறவர், பூக்காரி. எல்லாக் கடைகளும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை நம்பிப் பிழைத்தவைதான். பொள்ளாச்சியில் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் தேங்காயெண்ணெய் வாசம் அடித்ததும் கடைக்கு வந்து, சூடாக ஒரு பொட்டலம் கட்டச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் திரும்பும்போது காளிச்சாமியிடம் தக்காளி வாங்குவார்கள். யாரும் சிப்ஸ் வாங்குவதற்காகவோ தக்காளி வாங்குவதற்காகவோ வேப்பம்பாறைக்கு வருவதில்லை. பஸ் அவர்களை அங்கே நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான்.

சமிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவருடைய கடையிலும் சாமி படத்துக்கோ மக்கா படத்துக்கோ பக்கத்தில் சமிதியின் காலண்டர் தொங்கும். அதில் சிவப்பிரகாஷ் கைகூப்பிக்கொண்டிருப்பார். புது எஸ்.ஐ. வந்தால் சமிதி பொன்னாடை போர்த்தும். பழைய எஸ்.ஐ. போனாலும் பொன்னாடைதான். கரண்ட் ஆபீசுக்குப் புது என்ஜினியர், ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர், யாராக இருந்தாலும் தோளைக் காட்டினால் போதும். அரசாங்கம் எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் சிறுவியாபாரிகளின் பிரதிநிதியாகச் சிவப்பிரகாஷ் உட்காருவார். உட்கார்ந்து என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. மறுநாள் போட்டோ வரும், அதில் அவர் இருப்பார். வேப்பம்பாறைக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டாப் போன பிறகு சமிதி ஹாலில் அவசரக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் முகம்மது குட்டி வரவேற்றுப் பேசினார். அவர் நௌஃபலின் தாய்மாமன். ஜவுளிக்கடைக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் எதைப் பேச வந்தோம் என்பதை முதலில் மறந்துவிடுவார். சமிதி பிறந்த வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

பிறகு தலைவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, முகத்தில் இழவு வீட்டுக்கு வந்தவருடைய வருத்தம்.

"அரசாங்கம் நம்மள நசுக்கப் பாக்குதுங்க. கேக்க ஆளில்லேன்னு நெனச்சுட்டாங்க. சமிதி கையக் கட்டிட்டு வேடிக்கை பாக்காதுங்க. நாம ஒரு நாள் முழுக்கக் கடையடைப்பு நடத்தறோம்."

கைதட்டினார்கள். காளிச்சாமி எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். ஹஸீபா எழுந்தாள்.

"ஏனுங்க தலைவரே, ஆளே வராத கடைய நாம சாத்தினா அரசாங்கத்துக்கு எப்படிங்க தெரியும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முகம்மது குட்டி பதறிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"ஹஸீபா, உக்காரும்மா. இதெல்லாம் போராட்ட முறை. பெரியவங்க யோசிச்சுத்தான் சொல்றாங்க."

"சரிங்க மாமா. பெரியவங்க யோசிக்கறது கொஞ்சம் எங்களுக்கும் புரிஞ்சா நல்லாருக்கும்னுதான் கேட்டேன்."

உட்கார்ந்தாள். பக்கத்தில் நௌஃபல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையடைப்பு நடந்தது. வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு, ஆலமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரசாங்கத்தை எதிர்த்து முழங்கினார்கள். கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. சாப்பிட்டதும் முழக்கம் கொஞ்சம் இறங்கியது. ஒரு போலீஸ்காரர் வந்து, பஸ்ஸை மறிக்கப் போகிறார்களா என்று விசாரித்தார். இல்லை, அமைதியான போராட்டம் என்றார் முகம்மது குட்டி. போலீஸ்காரர் நிம்மதியாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். பஸ்கள் எப்போதும் போல் கடந்து போயின. லிபின் படியில் நின்று எல்லோருக்கும் கையசைத்தான்.

தூரத்தில், தலைவரின் காம்ப்ளெக்ஸில் கலவை எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அங்க மட்டும் அடைப்பு இல்லீங்களாண்ணா?" என்று காளிச்சாமியிடம் கேட்டாள் ஹஸீபா.

"அது கடை இல்லியே அம்முணி. கட்டடம்தானே" என்றார் காளிச்சாமி, நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு. அவருக்குக் கொஞ்சம் தோட்டமும் உண்டு. அதில் விளைகிறதைத்தான் கடையில் விற்பார். மண்ணை முகர்ந்தே மழையைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு, வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் மட்டும் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

போராட்டம் பேப்பரில் வந்தது. ஸ்டாப் வரவில்லை. தையல்காரர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு புது ஸ்டாப்புக்குப் போனாள். அங்கே காம்ப்ளெக்ஸ் வாசலில் உட்காரக் கூடாது என்று வாட்ச்மேன் விரட்டிவிட்டதாகத் திரும்பி வந்து அழுதாள். நௌஃபல் காலையில் ஒரே ஒரு சட்டி வறுத்தான். அதுவும் நமுத்துப்போய் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் இரண்டும் சிப்ஸைக் கண்டாலே முகம் சுளித்தன.

அந்தச் சமயத்தில்தான் தாலுக்கா அதாலத் அறிவித்தார்கள். அமைச்சர் நேரில் வந்து உட்கார்ந்து குறை கேட்பார், அதிகாரிகளும் இருப்பார்கள், அங்கேயே தீர்ப்பு. சமிதி சார்பில் ஒரு வேன் போகிறது என்று தெரிந்ததும் ஹஸீபா தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். முகம்மது குட்டி தயங்கினார். சிவப்பிரகாஷ் தயங்கவில்லை.

"வரட்டுமுங்க. லேடீஸ் ஒருத்தர் இருந்தா நல்லதுதான். போட்டோவுல ஒரு இது இருக்கும்."

"என்னதுங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பொன்னாடையைச் சுமக்கிற பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். கூடவே அமைச்சருக்கு ஒரு பொட்டலம் சிப்ஸ், உங்கள் கடையிலிருந்தே எடுத்து வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நௌஃபல் அதற்காகவே புது எண்ணெய் ஊற்றி வறுத்தான். ஒவ்வொரு வில்லையாகப் பொறுக்கி உடையாததைப் போட்டான். அதைப் பார்க்கும்போது ஹஸீபாவுக்கு எரிச்சலும் பாவமும் ஒன்றாக வந்தன.

அதாலத் ஒரு கல்யாண மண்டபத்தில். டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்கள். முன்னால் ஒரு வயதான பெண் தன் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று சமிதி எதுவும் இல்லை. இரண்டு வார்த்தையில் கேட்டு, ஒரு வார்த்தையில் பதில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சமிதியின் முறை வந்தது. சிவப்பிரகாஷ் முன்னே போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோக்காரர், படம் சரியாக விழவில்லை என்றதால் மறுபடியும் போர்த்தினார். முகம்மது குட்டி சிப்ஸைக் கொடுத்தார். பின்பு தலைவர் தன் மலையாளத்தில் ஆரம்பித்தார். அமைச்சரின் எளிமையைப் பற்றிக் கொஞ்சம், எல்லையோர வியாபாரிகளின் தியாகத்தைப் பற்றிக் கொஞ்சம். பிறகு விஷயத்துக்கு வந்தார். சமிதிக்குச் சொந்தமாக ஒரு வியாபாரி பவன் கட்ட வேண்டும், அதற்குப் புறம்போக்கில் இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

ஹஸீபா தன் காதையே நம்பாமல் மாமாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அமைச்சர் பக்கத்திலிருந்தவரிடம் எதையோ குறித்துக்கொள்ளச் சொன்னார். உதவியாளர் அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"சார், பஸ் ஸ்டாப்" என்றாள் ஹஸீபா.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள். தலைவரைவிட நன்றாகவே பேசினாள். வேப்பம்பாறை முக்கில் எத்தனையோ வருஷமாக நின்ற பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள், அரசாங்கம் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, சின்னக் கடைகளெல்லாம் மூடுகிற நிலையில் இருக்கின்றன என்று சொன்னாள். சிவப்பிரகாஷ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று "அது வேற விஷயம் சார், வேற விஷயம்" என்று முணுமுணுத்தார்.

அமைச்சர் மேஜையின் கோடியைப் பார்த்தார். அங்கே போக்குவரத்துக் கமிட்டியைக் கவனிக்கிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். சிசிலி என்று பெயர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஹஸீபாவையும் பார்த்தார், சிவப்பிரகாஷையும் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது.

"சார், அது நாங்களா மாத்தலே. வியாபாரி சமிதி கேட்டுத்தான் மாத்தினோம். முக்கில் நெரிசல் ஜாஸ்தி, கடைக்காரங்களுக்கே இடைஞ்சல், எல்லாருக்கும் சம்மதம்னு சமிதித் தலைவர் கமிட்டியிலே சொன்னார். இதோ நிக்கறாரே, இவர்தான்."

 சிவப்பிரகாஷ் அமைச்சரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

"முதல்லே நீங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் அமைச்சர். கோபமாகக்கூட இல்லை. பொன்னாடையை மடித்து உதவியாளரிடம் கொடுத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

எல்லோரும் வேனில் ஏறினார்கள். தலைவர்தான் முதலில் பேசினார். பேசாமல் இருக்க அவரால் முடியாது.

"வளர்ச்சின்னு ஒண்ணு இருக்குதுங்க. பத்து வருஷம் கழிச்சு ஊரு அந்தப் பக்கந்தான் போகும். நான் நம்ம எல்லாருக்கும் சேத்தித்தான் யோசிச்சேன். ஏனுங்க, காம்ப்ளெக்ஸ்ல மொத ரூமு உங்களுக்குத்தான். ரோட்டப் பாத்த ரூமு. வேற ஆருக்கும் தரமாட்டேன்."

"வாடகைக்குத்தானுங்களே?" என்றாள் ஹஸீபா.

"வாடகை எல்லாருக்கும் உள்ளதுதானுங்க…"

"நீங்க எங்க பஸ்ஸைப் புடிச்சு உங்க வாசல்ல கட்டுவீங்க. நாங்க அது பின்னாடியே வந்து உங்களுக்கு வாடகை குடுக்கோணும். அதுக்கு நடுவுல ஒரு நாள் கடையச் சாத்தி, அரசாங்கம் ஒழிகன்னு கத்தோணும். நல்லா யோசிச்சிருக்கீங்க. எங்க எல்லாருக்கும் சேத்தித்தான் யோசிச்சிருக்கீங்க."

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முகம்மது குட்டி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"மாமா, நீங்களும் அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனீங்கல்ல?"

"போனேன். இருந்தேன்."

"கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"தலைவர் பேசறப்ப நான் குறுக்க பேசினா, அதிகாரிக முன்னாடி சமிதிக்கு ஒத்துமை இல்லேன்னு ஆயிருமேம்மா…"

அவர் சொன்னதை அவரே நம்பினார். அதுதான் ஹஸீபாவுக்குத் தாங்க முடியவில்லை. திருடனைத் திட்டிவிடலாம். திருடனுக்கு ஒற்றுமையோடு விளக்குப் பிடித்தவரை என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தால் நௌஃபலுக்கு விஷயம் ஏற்கெனவே வந்திருந்தது. வேனில் வந்த யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"மாமா மொகத்துல இனி எப்படி முழிக்கறது? அத்தனை பேர் முன்னாடி…"

"தலைவரு உங்க வயித்துல அடிச்சப்ப உங்க மாமா பக்கத்துல உக்காந்திருந்திருக்காரு. அவரு மொகத்தப் பத்திக் கவலைப்படறீங்க."

"சமிதிய விட்டுட்டா நமக்கு ஆரு இருக்கா?"

"இருந்தப்ப ஆரு இருந்தாங்க?"

நௌஃபல் வெளியே போய் நின்றான்.  அவன் கோழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொதிக்கிற எண்ணெயில் கை படும்போதுகூட முகம் மாறாதவன். ஆனால் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் தனியாக எழுந்து நிற்பது என்றால் அவனுக்குக் கால் வராது.

அடுத்த வாரம் ஹஸீபா காளிச்சாமியைக் கூட்டிக்கொண்டு சிசிலியின் ஆபீசுக்குப் போனாள். சிசிலி உட்காரச் சொன்னார்.

"கடைக்காரங்கன்னு நீங்க வந்தா, எங்களுக்குக் கடைக்காரங்கன்னா சமிதிதான். சமிதின்னா தலைவர்தான். அவர் ஒண்ணு சொல்வார், நீங்க ஒண்ணு சொல்வீங்க, ஃபைல் அப்படியே கிடக்கும்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். "கமிட்டி அடுத்து கூடறப்ப யார் வேணுமானாலும் வந்து பேசலாம். ஆனா உங்க வியாபாரம் போச்சுங்கறதுக்காக மட்டும் ஸ்டாப்பை மாத்த முடியாது. யோசிச்சுப் பாருங்க."

அது ஹஸீபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பி வரும்போது வேகாத வெயில். புது ஸ்டாப்பில் இறங்கி இருவரும் முக்கை நோக்கி நடந்தார்கள். எதிரே ரோட்டோரமாகப் பொன்னாத்தாள் வந்துகொண்டிருந்தாள். காளிச்சாமியின் மனைவி. காலில் சர்க்கரைப் புண். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு, பஸ் பிடிக்க அந்தக் காலோடு நடந்து வருகிறாள். கட்டில் புழுதி அப்பியிருந்தது.

"ஏம்புள்ள, நடந்தா வந்தே? ஆட்டோ புடிச்சிருக்கலாமில்ல" என்றார் காளிச்சாமி.

"தெனமும் நடந்துதான் வாரேன். இன்னிக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதாக்கும்" என்றாள் பொன்னாத்தாள்.

காளிச்சாமி குனிந்து கட்டின் மேலிருந்த புழுதியைத் தட்டிவிட்டார். ஹஸீபாவும் அந்தக் காலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை நாளும் வருகிறவர்களின் கையைத்தான் பார்த்திருக்கிறாள், காலைப் பார்க்கவில்லை. தலைவருக்குக் காம்ப்ளெக்ஸ் மாதிரி தனக்குச் சிப்ஸ் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அவள் நீட்டி வைத்துக்கொள்ளவில்லை. வேலை இருந்தது.

காலை பஸ் நேரத்தில் புது ஸ்டாப்புக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். பொள்ளாச்சியில் மில் வேலைக்குப் போகிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் பேசினாள். மில்லுக்குப் போகிற தமிழ்ப்ரியா என்கிற பெண் முதலில் நம்பவில்லை.

"இதுவும் உங்க சமிதி வேலைங்களாக்கா? பொன்னாடை போத்தக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பொன்னாடையெல்லாம் தீந்துபோச்சு கண்ணு. சும்மா வந்து நில்லு. உனக்கு என்ன கஷ்டமோ அதைச் சொல்லு. என் கடையப் பத்தி நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்."

கமிட்டி கூடிய அன்று அந்தச் சின்ன அறையில் பெண்கள் வாசல் வரை நெருக்கி நின்றார்கள். தமிழ்ப்ரியா இருட்டும் நேரத்தில் தென்னந்தோப்பு ஓரமாகத் தனியாக நடந்து வருவதைச் சொன்னாள். பொன்னாத்தாள் ஒன்றும் சொல்லாமல் காலைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்துக் காட்டினாள். லிபின் தன் ஓய்வு நேரத்தில் வந்து, புது இடத்தில் வளைவு இருப்பதால் பின்னால் வருகிற லாரி தெரிவதில்லை, இறங்குகிறவர்களைப் பார்த்தால் தனக்கே பயமாக இருக்கிறது என்றான். ஹஸீபா சுவரோரம் நின்றாள். அவள் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

சிவப்பிரகாஷ் மேஜையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஏற ஏற அவர் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் நிற்கப் போகிற வார்டில்தான் அந்த முகங்களில் பெரும்பாதிக்கு ஓட்டு. சிசிலி மற்றவர்களின் கருத்தைக் கேட்பதற்கு முன்னால் அவரே எழுந்தார்.

"இதைத்தானுங்க நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கறேன்!"

அறை ஒரு கணம் திகைத்தது.

"ஏழை எளியவங்க, பொம்பளப் புள்ளைக இவ்வளவு கஷ்டப்படறாங்க. ஸ்டாப் முக்குலயே இருக்கோணும். சமிதி சார்பா நானே இதை முன்மொழியறேன்."

சிசிலி பேனாவை வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். ஹஸீபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் நிற்கவில்லை. பொன்னாத்தாள் கேட்டாள், "ஏம்மா, அழுவறியா?"

பத்து நாளில் போர்டு முக்குக்குத் திரும்பி வந்தது. அதற்கு முன்பே ஃபிளக்ஸ் வந்துவிட்டது. 'போராடி மீட்ட எங்கள் போர்வாளுக்கு நன்றி' என்று ஆலமரத்தை மறைத்துக் கட்டியிருந்தார்கள். சிவப்பிரகாஷ் கைகூப்பிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அதாலத்தில் எடுத்த போட்டோ. அதில் ஹஸீபாவும் இருந்தாள், கையில் பொன்னாடைக் கவரோடு. அவள் ஏணி கேட்டு வாங்கி ஏறி, கத்தரிக்கோலால் தன் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். வெட்டிய இடத்தில் ஆலமரத்தின் பட்டை தெரிந்தது. சமிதிக்காரர்கள் அதை ஒட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை.

சமிதியின் ஆண்டுக் கூட்டம் அந்த மாதமே வந்தது. ஹஸீபா போனாள். அத்தனையும் நடந்த பிறகு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. முகம்மது குட்டி அறிக்கை வாசித்தார். பஸ் ஸ்டாப் மீட்பு அந்த வருஷத்தின் மகத்தான சாதனை. கடையடைப்பு அதற்கு வழிவகுத்தது. இந்த இடத்தில் அவர் ஹஸீபாவின் பக்கம் பார்க்காமல் தாளைத் திருப்பினார். பிறகு, தலைவராகச் சிவப்பிரகாஷே தொடர வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்.

ரீசார்ஜ் கடைக்காரர் தூக்கினார். மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த தையல்காரர் தூக்கினார். ஹால் முழுக்கக் கைகள் மேலே போயின. காளிச்சாமியின் கையும் போயிற்று.

"அண்ணா, அக்கா காலு?" என்றாள் ஹஸீபா மெதுவாக.

காளிச்சாமி நெளிந்தார். "மேல ஆளுகளைத் தெரிஞ்சவரு அவருதானே அம்முணி. நாளைக்கு ஒண்ணுன்னா…" கை இறங்கவில்லை.

அவள் பக்கத்தில் திரும்பினாள். நௌஃபலின் கையும் மேலே இருந்தது. பாதி மடங்கிய முழங்கையோடு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பயந்து தூக்குகிற கை மாதிரி. அவள் அவனைத் திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு வெளியே வந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் தனக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். சிவப்பிரகாஷை அவளுக்குப் புரிந்தது. அவருக்குக் காம்ப்ளெக்ஸ் வேண்டும், பதவி வேண்டும், மாலை வேண்டும். ஆனால் இவர்களுக்கு என்ன வேண்டும்? உதைத்தவனே வந்து மருந்து போட வேண்டும் என்று காத்திருக்கிறார்களா? அதற்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம், ஒரு கைதட்டல்.

முக்குக்கு வந்து கடையைத் திறந்தாள். பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். அடுப்பைப் பற்ற வைத்து அவளே காயைச் சீவத் தொடங்கினாள். வில்லைகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் நௌஃபல் வந்தான். கூட்டம் அதற்குள் முடிந்திருக்க முடியாது. அவள் கையிலிருந்து சீவுகட்டையை வாங்கிக்கொண்டான்.

"கையைக் கீழ போட்டுட்டேன்" என்றான்.

"எண்ணிட்டாங்களா?"

"எண்ணலே. ஏகமனதான்னு எழுதிட்டாங்க. நான் எந்திரிச்சு, ஏகமனதில்லே, நான் இல்லேன்னு சொன்னேன்." அவன் காயைச் சீவத் தொடங்கினான். "மாமா உக்காருடான்னாரு. உக்காரலே. வந்துட்டேன்."

ஹஸீபா கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு அம்மாள் சூடாகக் கட்டச் சொன்னாள். "இப்ப வந்துரும், நில்லுங்க" என்றாள். கட்டுவதற்குக் காகிதம் எடுத்து வைத்தாள்.

மழைக்காலத்தில் முக்கில் சாக்கடையின் மூடி இடிந்து விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே குழி. அதில் ஒரு பையன் சைக்கிளோடு விழுந்த அன்று காளிச்சாமியும் தையல்காரரும் ரீசார்ஜ் கடைக்காரரும் சேர்ந்து ஹஸீபாவின் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

"அம்முணி, நீ ஒரு எட்டு வந்து பேசினீன்னா…"

"ஏனுங்ணா, சமிதி என்னாச்சு? தலைவரத்தானே கை தூக்கி வெச்சீங்க? அவருக்கு மேல ஆளுகளைத் தெரியுமே. போய்ப் பொன்னாடை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. குழிக்குப் போத்திவிடலாம்."

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். போகவும் இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் திட்டினாள். மூன்று பேரையும் தனித்தனியாக, அவரவருக்குத் தகுந்த மாதிரி திட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. திட்டி முடித்ததும் குடையை எடுத்தாள்.

"சும்மா என் பின்னால வந்து நிக்கறதா இருந்தா யாரும் வர வேண்டாம். அங்க வந்து ஆளாளுக்கு வாயத் தொறந்து பேசோணும். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க நாலு பேரையும் கூப்பிடுங்க."

"பேசறோம் அம்முணி" என்றார் காளிச்சாமி.

நௌஃபல் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"நானும் வர்றேன்."

"அப்ப சட்டிய எறக்கி வெச்சுட்டு வாங்க" என்றாள் ஹஸீபா.